நொச்சியும் உழிஞையும்: காவல் மனத்தவரின் தாக்குதல் பொறுப்பு

தன் கையால் செய்யாத ஒரு வினைக்கு ஒருவர் எவ்வளவு தூரம் கர்த்தா ஆகிறார் என்னும் வினா, இந்தியச் சமய மரபுகள் பலவற்றிலும் வெவ்வேறு பெயர்களில் எழுப்பப்பட்டு வந்துள்ளது. படைப்பவன் ஒருவன், காப்பவன் வேறொருவன் என்று தொழில்களைப் பிரித்துவைத்தால், காப்பவனுக்குப் படைப்பின் குறைகளில் பங்கில்லை என்றாகிறது. எல்லாத் தொழிலும் ஒருவனுடையதே என்று கொண்டால், எந்தக் குறையும் இறுதியில் அவன் வாசலுக்கே வந்து சேர்கிறது. இறையியலில் நுணுக்கமாகப் பேசப்படும் இதே வினா, 2016க்கும் 2018க்கும் இடைப்பட்ட காலத்தில் சிங்கப்பூர்க் காற்பந்தைப் பற்றிப் பேசியவர்களிடையே மிகவும் நடைமுறையான ஒரு வடிவில் எழுந்தது. தன் கோலைக் காப்பதையே முதற்கடமையாகக் கொண்ட தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஒருவர், தம் குழு எதிரணியின் கோலைத் தாக்கும் விதத்தில் எவ்வளவு பங்கு கொள்ள வேண்டும் என்பதே அந்த வடிவம். தலைமைப் பயிற்றுவிப்பாளர் என்பவர் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, பழக்கி, யார் எங்கே நிற்பது என்று வகுத்துக் கொடுத்துவிட்டு, ஆட்டம் நடக்கும் தொண்ணூறு நிமிடமும் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பவர்; பந்தைத் தொடும் உரிமை அவருக்குக் கிடையாது, ஆனால் விளைவுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. வினையிலிருந்து இவ்வளவு விலகியும் அதனோடு இவ்வளவு பிணைந்தும் நிற்கும் பதவிகள் அதிகம் இல்லை. ஆதலால் அந்தப் பழைய வினாவை இவருடைய நிலையில் வைத்து ஆராய்வது வீண் முயற்சி ஆகாது.

தமிழ்ப் புறப்பொருள் இலக்கணத்திலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. கோட்டையை முற்றுகையிடுவோர் உழிஞைப் பூவையும் உள்ளிருந்து காப்போர் நொச்சிப் பூவையும் சூடுவர் என்பது மரபு. தொல்காப்பியம் புறத்திணைகளை ஏழாக வகுத்தபோது, அரண் சார்ந்த போர் முழுவதையும் உழிஞை என்னும் ஒரே திணைக்குள் அடக்கியது; மதில் காத்தலுக்கு அங்கே தனித்திணை இல்லை, அது முற்றுகையின் மறுபக்கமாக அதே திணைக்குள் இடம்பெறுகிறது. பிற்காலத்து ஐயனாரிதனார் தம் புறப்பொருள் வெண்பாமாலையில் நொச்சியை உழிஞையிலிருந்து பிரித்துத் தனித்திணையாக்கினார். ஆநிரை கவர்தலாகிய வெட்சியிலிருந்து ஆநிரை மீட்டலாகிய கரந்தையையும் அவ்வாறே பிரித்தார். இரண்டு பகுப்புக்கும் நியாயம் உண்டு. பிரித்துப் பார்க்கும்போது, மதில்மேல் நிற்பவனுக்கு உரிய வீரம் பாய்ந்து செல்பவனுடைய வீரத்திலிருந்து வேறானது, அது பொறுமையை முதலாகக் கொண்டது என்பது விளங்குகிறது. சேர்த்துப் பார்க்கும்போது, முற்றியவனைப் புறங்காட்டச் செய்வதற்கே மதில் காக்கப்படுகிறது என்னும் நோக்கம் மறக்கப்படாமல் இருக்கிறது. காவல் மனம் கொண்ட பயிற்றுவிப்பாளர் இந்த இரண்டு பகுப்புகளில் எதன்படி சிந்திக்கிறார் என்பதிலேயே அவருடைய குழுவின் கதி பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

வெண்பாமாலையின் பகுப்பு அப்படியே நடைமுறையாக இருக்கும் விளையாட்டும் உலகில் உண்டு. அமெரிக்கக் காற்பந்தில் தாக்கும் பதினொருவர் வேறு, காக்கும் பதினொருவர் வேறு. பந்தின் உரிமை கைமாறியதும் ஒரு பிரிவு வெளியேறி மற்றொரு பிரிவு களமிறங்கும், ஒவ்வொரு பிரிவுக்கும் தனி ஒருங்கிணைப்பாளர் இருப்பார். தற்காப்பு வகுப்பதில் பெரும்பெயர் பெற்ற பில் பெலிசிக், நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் குழுவின் தலைமைப் பயிற்றுவிப்பாளராக ஆறு சூப்பர் பௌல் பட்டங்களை வென்றபோது, தாக்குதலைத் தேர்ந்த ஒருங்கிணைப்பாளர்களிடம் ஒப்படைத்திருந்தார். 2022இல் அந்தப் பொறுப்பைத் தற்காப்புத் துறையில் வளர்ந்த மேட் பாட்ரீசியாவிடம் கொடுத்தபோது தாக்குதல் தளர்ந்தது, அடுத்த ஆண்டே அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. ஆட்களே வேறாக இருக்கும் அந்த விளையாட்டிலும் ஒப்படைப்பது யாரிடம் என்னும் முடிவு தலைவருடையதாகவே இருந்தது. சிங்கப்பூரில் ஆடப்படும் காற்பந்திலோ காப்பவரும் தாக்குபவரும் அதே பதினொருவர். இடது பின்வரிசை ஆட்டக்காரர் ஒரு நொடியில் நொச்சி, அடுத்த நொடியில் உழிஞை. ஆகவே இங்கே தொல்காப்பியரின் பகுப்பே பொருந்தும். காவலை வகுக்கும் ஒவ்வொரு முடிவும் தாக்குதலையும் வகுத்துவிடுகிறது.

சிராங்கூன் சாலையில் நிற்கும் இரண்டு கோயில்கள் இதே செய்தியை இறைவடிவில் வைத்திருக்கின்றன. ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில் 1855இல் எழுந்தது. தொடக்கத்தில் அது நரசிங்கப் பெருமாள் கோயில் என்றே அழைக்கப்பட்டது, 1960களில்தான் இப்போதைய பெயரைப் பெற்றது. முத்தொழில் பகுப்பின்படி திருமால் காக்கும் கடவுள். அவருடைய நரசிங்க அவதாரமோ, பிரகலாதன் என்னும் ஒரு பிள்ளையைக் காப்பதற்காகத் தூணைப் பிளந்து வெளிப்பட்டு இரணியனின் மார்பைக் கிழித்தது. காத்தல் முடிந்த பிறகு தாக்குதல் தொடங்கியதாக அந்தக் கதையில் பிரிக்க இடமில்லை. அடியவனைக் காத்த செயலும் பகைவனை அழித்த செயலும் ஒரே செயல். அதே சாலையில் சற்றுத் தள்ளி இருக்கும் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் 1881இல் அமைந்தது. அக்காலத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் அந்தப் பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்று தமிழர் வழங்கினர். ஊரைவிட்டு வந்து கூலிவேலை செய்தவர்கள் தங்களுக்குக் காவலாக வேண்டி நிறுவிக்கொண்ட தெய்வம் உக்கிரமான காளி. அச்சம் மிகுந்த புதிய நிலத்தில் காவல் கேட்டவர்கள், படைக்கலம் ஏந்தாத தெய்வத்தைத் தேடவில்லை என்பது கருதத்தக்கது.

சைவ சித்தாந்தம் இதை வாதமாகவே நிறுவுகிறது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலும் ஒரே முதல்வனுடையவை. பிரமனும் திருமாலும் தத்தம் தொழிலை அவனுடைய ஆணைவழியே செய்கின்றனர் என்பது அதன் கொள்கை. மெய்கண்டாரின் சிவஞானபோதம் தன் முதற் சூத்திரத்திலேயே, உலகை ஒடுக்குபவன் எவனோ அவனே அதன் தோற்றத்துக்கும் முதல் என்று நாட்டுகிறது. வினை எப்படி நிகழ்கிறது என்பதை விளக்கச் சித்தாந்திகள் காரணங்களை மூன்றாகப் பகுப்பர்: குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். குயவன் குடமாக மாறுவதில்லை, அவனின்றிக் குடமும் இல்லை. பயிற்றுவிப்பாளரின் நிலைக்கு இந்தப் பகுப்பு பெரிதும் துணைசெய்கிறது. ஆட்டக்காரர்களின் திறமை முதற்காரணம், பயிற்சியும் வகுப்பும் துணைக்காரணம், அவர் நிமித்த காரணர். மண் தரமற்றது என்று குயவன் சொல்லலாம், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வாயைச் சிறிதாக வைப்பதா பெரிதாக வைப்பதா என்பது மண்ணின் முடிவு ஆகாது.

இனி, சிங்கப்பூரின் நிகழ்வுக்கு வரலாம். 1965இல் பிறந்த வி. சுந்தரமூர்த்தி, சிங்கப்பூர் கண்ட தாக்குதல் ஆட்டக்காரர்களுள் மிகவும் கலைத்திறம் படைத்தவர் என்று மதிக்கப்படுபவர். மலேசியக் கிண்ணக் காலத்தில் தேசிய விளையாட்டரங்கில் திரண்ட கூட்டம் அவரைத் 'தி டேஸ்லர்', அதாவது கண்ணைப் பறிப்பவர், என்று அழைத்தது. மலேசியாவில் கெடா மாநிலக் குழுவுக்காக ஆடினார். 1980களின் கடைசியில் சுவிட்சர்லாந்தின் பாசல் குழுவிலும் இடம்பெற்றார், தென்கிழக்காசிய ஆட்டக்காரர் ஒருவருக்கு அக்காலத்தில் அது எளிதில் கிட்டாத வாய்ப்பு. 1993இல் புருணைக்கு எதிராக, கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, அந்தரத்தில் மல்லாந்து, தலைக்கு மேலே வந்த பந்தை உதைத்து அவர் போட்ட கோலை அந்தத் தலைமுறையினர் இன்னும் மறக்கவில்லை. இத்தகைய ஒருவர் பயிற்றுவிப்பாளரானபோது அவருடைய குழுக்கள் பின்வாங்கி நின்று, இடைவெளிகளை அடைத்து, எதிரணி தவறும் தருணத்துக்காகக் காத்திருக்கும் குழுக்களாக அமைந்தன. தாக்குதலைப் பிறவிக் கொடையாகப் பெற்றவர் காவலைத் தம் கொள்கையாக ஏற்றது முரணாகத் தோன்றினாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. தம்மிடம் இருந்த திறமை எவ்வளவு அரியது என்பதை அறிந்தவருக்கே, அது இல்லாத பதினொருவரை அதை நம்பி இறக்குவதில் உள்ள ஆபத்தும் தெரியும். குறள் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்து, தன் வலியையும் மாற்றான் வலியையும் சீர்தூக்கிய பிறகே செயலில் இறங்கச் சொல்கிறது. அந்த அளவில் தற்காப்பை முன்வைப்பது கோழைத்தனம் ஆகாது, அறிவுடைமையே ஆகும்.

இந்த அறிவுடைமை பலன் தந்த காலமும் உண்டு. 2012இல் மலேசிய லீக்கில் சிங்கப்பூர் மீண்டும் இடம்பெற்றபோது உருவாக்கப்பட்ட லயன்ஸ் 12 குழுவுக்குச் சுந்தரமூர்த்தி பயிற்றுவிப்பாளர். எதிரணிகளில் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இருந்தனர், லயன்ஸ் 12இல் இல்லை. இளையர்களை அடித்தளமாகவும் சில மூத்தவர்களைத் தூணாகவும் வைத்துக் குழு கட்டப்பட்டது. முதல் ஆண்டில் மலேசிய சூப்பர் லீக்கில் இரண்டாம் இடம், மறு ஆண்டில் பட்டம். சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே போகக்கூடிய ஜாலான் புசார் விளையாட்டரங்கில், 2013 ஜூலை 2ஆம் தேதி, ஃபெல்டா யுனைடெட் குழுவை 4-0 என்று வென்று அந்தப் பட்டம் உறுதிசெய்யப்பட்டது. காவல் மனத்தவர் என்று பெயர்பெற்ற ஒருவரின் குழு நான்கு கோல் போட்டுப் பட்டம் வென்றது தற்செயல் என்று தள்ள முடியாது. அந்தக் குழு ஆண்டு முழுவதும் ஒன்றாகப் பழகியது, வாரந்தோறும் ஆடியது, பந்தைப் பறித்ததும் யார் எந்தப் பக்கம் ஓடுவது, யாருக்கு முதல் பாஸ் போவது என்பது பேசாமலே புரியும் அளவுக்கு ஒத்திகை கிடைத்தது. காவல் அங்கே தாக்குதலின் முதற்படியாக இருந்தது.

2016 மே மாதத்தில், ஜெர்மானியரான பெர்ன்ட் ஸ்டாங்கேவுக்குப் பின், சுந்தரமூர்த்தி தேசியக் குழுவின் பொறுப்பை ஏற்றார். அதற்குள் லயன்ஸ் 12 கலைக்கப்பட்டுவிட்டது, 2015 இறுதியோடு மலேசிய லீக்கில் அதன் இடம் முடிந்திருந்தது. ஒன்றாகப் பழகிய ஆட்டக்காரர்கள் பல குழுக்களுக்குச் சிதறியிருந்தனர். தேசியக் குழுவின் பயிற்றுவிப்பாளருக்கு ஆட்டக்காரர்கள் கிடைப்பது ஒரு போட்டிக்கு முன் சில நாள்களே. இங்கே தொழில்நுட்பம் சார்ந்த ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். தற்காப்பைச் சில நாள்களில் பழக்கிவிடலாம், ஏனெனில் இடைவெளியைச் சுருக்குவதும் வரிசை கலையாமல் நகர்வதும் பெரும்பாலும் ஒழுங்கு சார்ந்தவை. தாக்குதலோ ஒருவர் மனத்தை மற்றவர் ஊகிப்பதைச் சார்ந்தது, அதற்கு மாதங்கள் வேண்டும். நேரம் குறைந்தவர் காவலை நாடுவது இயல்பு. இந்தச் சூழலை மறந்து சுந்தரமூர்த்தியைக் குறைகூறுவது நேர்மையாகாது.

ஆயினும் நிகழ்ந்தவை நிகழ்ந்தவையே. 2016 நவம்பரில் பிலிப்பீன்ஸில் நடந்த, தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் போட்டியை நடத்திய பிலிப்பீன்ஸுடன் சிங்கப்பூர் 0-0 என்று சமநிலை கண்டது; ஹஃபீஸ் சுஜாட் வெளியேற்றப்பட்ட பின் பத்துப் பேராக நின்று காத்த அந்த ஆட்டம் நொச்சி வீரத்துக்கு நல்ல சான்று. அடுத்து, பின்னர் கிண்ணத்தை வென்ற தாய்லாந்துடன் மோதல். எண்பத்தெட்டு நிமிடம் அரண் நின்றது. 89ஆவது நிமிடத்தில் சராவுட் மாசுக் போட்ட கோலில் அது சரிந்தது. மூன்றாவது ஆட்டத்தில் கைருல் அம்ரி கோல் போட்டு இந்தோனீசியாவுக்கு எதிராக முன்னிலை பெற்றுத் தந்தார். பிற்பாதியில் இந்தோனீசியா சமன்செய்து, 85ஆவது நிமிடத்தில் ஸ்டெஃபனோ லிலிபாலியின் கோலால் 2-1 என்று வென்றது. மூன்று ஆட்டங்கள், ஒரே கோல், குழுச் சுற்றோடு வெளியேற்றம். 2019 ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றும் அப்படியே போனது. 2017 மார்ச்சில் பஹ்ரைன் மண்ணில் 0-0 என்று காத்துத் திரும்பிய குழு, ஜூனில் சீன தைப்பேயிடம் 1-2 என்று தோற்றது; துர்க்மெனிஸ்தானுடன் ஒரு சமநிலை, ஒரு தோல்வி; பஹ்ரைனிடம் 0-3; இறுதியாக 2018 மார்ச் 27ஆம் தேதி தைப்பேயிடம் மீண்டும் 0-1. ஆறு ஆட்டங்களில் மூன்று கோல், இரண்டு புள்ளி, பிரிவின் கடைசி இடம். அடுத்த மாதம் அவர் பதவியிலிருந்து விலகினார்.

அந்த 85ஆவது, 89ஆவது நிமிடங்களை நெருங்கிப் பார்ப்பது இந்த ஆய்வுக்கு இன்றியமையாதது. சுமார் 105 மீட்டர் நீளமுள்ள திடலில் பத்துப் பேர் தம் பெனால்டி கட்டத்தை ஒட்டி இரண்டு வரிசையாக நிற்கும்போது, அவர்கள் பந்தைப் பறிக்கும் இடத்துக்கும் எதிரணியின் கோலுக்கும் இடையே 80 மீட்டர் கிடக்கிறது. முன்னால் ஒரே ஒரு தாக்குதல் ஆட்டக்காரர், அவரைச் சுற்றி எதிரணியின் இரண்டு மூன்று பேர். பறித்த பந்தை நெடுந்தொலைவுக்கு அவரை நோக்கி உதைக்கிறார்கள். துணைக்கு ஆள் வந்துசேர ஏழெட்டு நொடி ஆகும், அதற்குள் பந்து பறிபோய்த் திரும்பி வருகிறது. காப்பவர்களுக்கு மூச்சு வாங்கவும் நேரம் இல்லை, மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும். இப்படி முப்பது நாற்பது முறை நடந்த பிறகு கால் ஒரு நொடி பிந்துகிறது, ஒரு தோள் திரும்ப மறக்கிறது. கடைசி நேரத்துக் கோல்களை மனவுறுதிக் குறைவு என்று சொல்லும் வழக்கம் ரசிகர்களிடம் உண்டு. அது நியாயமான தீர்ப்பாகத் தோன்றவில்லை. தாக்குதல் இல்லாத காவலுக்கு ஓய்வு இல்லை, ஓய்வு இல்லாத காவல் எத்தனை வீரம் மிக்கதாயினும் இறுதியில் உடைகிறது. காவலின் வெற்றிக்கே தாக்குதல் தேவைப்படுகிறது என்னும்போது, தாக்குதல் தம் துறை அல்ல என்று காவல் மனத்தவர் ஒதுங்கும் வாதம் தானாகவே வலுவிழக்கிறது.

ஒதுங்குதலைப் பற்றிப் பேசும்போது பாரதப் போரின் தேர்ப்பாகனை நினைக்காமல் இருக்க முடியாது. துரியோதனன் கண்ணனின் படையைக் கேட்டுப் பெற்றான், அருச்சுனன் படைக்கலம் ஏந்தாத கண்ணனைக் கேட்டுப் பெற்றான். களத்தின் நடுவே இருந்தும் அம்பு தொடாதவன் என்னும் அந்த நிலை, எல்லைக்கோட்டருகே நிற்கும் பயிற்றுவிப்பாளரின் நிலைக்கு மிக அருகில் இருக்கிறது. சென்னைத் திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலின் மூலவர் சங்கை மட்டும் ஏந்தி, சக்கரம் இல்லாமல் நிற்பது அந்த உறுதிமொழியைக் குறிப்பது என்பது கோயில் மரபு. ஆனால் கண்ணன் போரில் பங்கு கொள்ளவில்லை என்று யார் சொல்ல முடியும்? எந்தப் பக்கம் தேரைத் திருப்புவது, யாரை எப்போது எதிர்கொள்வது, யாரிடமிருந்து விலகுவது என்பதெல்லாம் அவன் கையில் இருந்தன. ஒருமுறை பீஷ்மரின் அம்புகளுக்கு முன்னால் அருச்சுனன் மனம் தளர்ந்து நின்றபோது, கண்ணனே சக்கரத்தோடு தேரிலிருந்து குதித்துப் பீஷ்மரை நோக்கி ஓடினான். அருச்சுனன் பின்னால் ஓடிக் காலைப் பற்றி, இனி முழுமூச்சாகப் போரிடுவேன் என்று வாக்களித்த பிறகே கண்ணன் திரும்பினான். அந்த நிகழ்ச்சியில் இருவேறு எச்சரிக்கைகள் அடங்கியுள்ளன. செய்ய வேண்டியவன் செய்யத் தவறும்போது வழிநடத்துபவன் வெறும் சாட்சியாக இருந்துவிடக் கூடாது என்பது ஒன்று. அவன் குதித்ததன் பயன் பீஷ்மரை வீழ்த்துவதில் இல்லை, அருச்சுனனை மீண்டும் வில்லெடுக்க வைப்பதில் இருந்தது என்பது மற்றொன்று. கீதையின் நான்காம் அத்தியாயம் செயலில் செயலின்மையையும் செயலின்மையில் செயலையும் காணச் சொல்வதற்கு, போர்க்களத்திலேயே கிடைத்த விளக்கம் இது எனலாம். எண்பதாவது நிமிடத்தில் தாக்குதல் ஆட்டக்காரர் ஒருவரை இறக்காமல் இருப்பதும் ஒரு செயல்தான். அதற்கும் வினைப்பயன் உண்டு.

ஐந்தொழிலுள் மறைத்தல் என்பது சித்தாந்தத்தில் பலருக்கும் எளிதில் பிடிபடாத ஒன்று. உயிர்கள் பக்குவப்படும் வரை முதல்வன் தன்னை அவற்றிடமிருந்து மறைத்துக்கொள்கிறான்; அந்த மறைப்பும் அருளே, ஏனெனில் அனுபவத்தால் உயிர் முதிர அது இடம் தருகிறது என்பர். தம் கலையைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தம் குழுவிடம் காட்டாத ஒரு தாக்குதல் மேதையைப் பற்றிச் சிந்திக்கும்போது இந்தக் கோட்பாடு தவிர்க்க முடியாமல் முன்னே வருகிறது. இளம் ஆட்டக்காரர்களுக்கு இன்னும் தகுதி வரவில்லை, இப்போதைக்குக் காவலைக் கற்கட்டும் என்று ஒரு பயிற்றுவிப்பாளர் தம் தாக்குதல் அறிவை அடக்கிவைப்பது அருளாகவும் இருக்கலாம், வெறும் அச்சமாகவும் இருக்கலாம். இரண்டையும் வேறுபடுத்தும் அளவுகோலைச் சித்தாந்தமே தருகிறது: மறைப்பினால் உயிர் பக்குவப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். லயன்ஸ் 12இன் இரண்டு ஆண்டுகளில் இளையர்கள் முதிர்ந்தனர், பட்டம் அதற்குச் சான்று. தேசியக் குழுவின் இரண்டு ஆண்டுகளில் கடைசி ஆட்டத்தின் தாக்குதல் முதல் ஆட்டத்தின் தாக்குதலைவிட வளர்ந்திருந்ததாகச் சொல்ல இடமில்லை. அங்கே மறைப்பு அருளலில் சென்று முடியவில்லை.

அப்படியானால் காவல் மனத்தவர் தாக்குதலில் எவ்வாறு கைகொடுக்க வேண்டும்? ஒவ்வொரு உதையையும் எல்லைக்கோட்டிலிருந்து கூவி இயக்குவது விடையாகாது. இதனை முடிக்க வல்லவன் இவன் என்று ஆராய்ந்து தெளிந்த பிறகு அந்தப் பணியை அவனிடமே விட்டுவிட வேண்டும் என்பது குறள் தெரிந்து வினையாடலில் காட்டும் நெறி. விட்டுவிடுதலுக்கு முன்னால் ஆராய்தல் இருக்கிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. 2004 ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற கிரேக்கக் குழுவின் பயிற்றுவிப்பாளர் ஓட்டோ ரேஹாகல், முன்னாள் தற்காப்பு ஆட்டக்காரர். அவருக்கும் தேசியக் குழுவின் குறுகிய நேரமே கிடைத்தது. காலிறுதியில் பிரான்ஸ், அரையிறுதியில் செக் குடியரசு, இறுதியில் போர்ச்சுகல் ஆகிய மூன்றையும் கிரேக்கம் 1-0 என்றே வென்றது, மூன்றும் தலையால் முட்டிய கோல்கள், கடைசி இரண்டும் கார்னர் உதையிலிருந்து வந்தவை. கார்னர் உதை என்பது ஆட்டம் நின்று தொடங்கும் தருணம். யார் எங்கிருந்து ஓடி எங்கே குதிப்பது என்பதை முன்கூட்டியே பழக்கிவைக்கலாம், நேரம் குறைந்தவருக்குத் தாக்குதலில் கிடைக்கும் மிகப் பெரிய பிடிமானம் அதுவே. கிரேக்கக் காவல் அரணைக் கண்டு சலித்தவர்கள் பலர். ஆனால் அந்த அரணுக்குள் ஒரு வாசல் திட்டமிட்டுத் திறந்துவைக்கப்பட்டிருந்தது. 1964, 1965 ஆண்டுகளில் ஐரோப்பியக் கழகங்களுக்கான கிண்ணத்தை வென்ற இன்டர் மிலானின் ஹெலெனியோ ஹெரேராவும், கதவடைப்புக் காவலுக்குப் பெயர்பெற்றவராயினும், இடது பின்வரிசையில் நின்ற ஜியாசிந்தோ ஃபக்கெட்டியை முன்னேறித் தாக்க விட்டார். 1965-66 இத்தாலிய லீக்கில் அந்தத் தற்காப்பு ஆட்டக்காரர் பத்துக் கோல் போட்டார்.

இவ்விருவரிடமும் காணப்படும் பங்கேற்பு மூன்று இடங்களில் அமைகிறது. காக்கும்போதே யாரை முன்னால் விட்டுவைப்பது, அவருக்குத் துணையாக எந்த இருவர் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது முதலாவது. பயிற்சி நேரத்தில் ஒரு பகுதியையேனும் அந்த ஓட்டத்துக்கென்று ஒதுக்குவது அடுத்தது. மூன்றாவது எண்ணிக்கைக்கு அடங்காதது, ஆனால் மற்ற இரண்டையும்விட முக்கியமானது: தாக்குதல் ஆட்டக்காரர் பந்தை இழந்தால் அவர்மீது சினம் கொள்ளாதிருத்தல். காவல் மனத்தவருக்குப் பந்தை இழப்பது குற்றம். தாக்குபவருக்கு அது தொழிலின் ஒரு பகுதி. பத்து முறை முயன்று ஒன்பது முறை தோற்பதற்கு அனுமதி இல்லாத இடத்தில் பத்தாவது முயற்சி பிறப்பதே இல்லை. 1993இல் அந்தரத்தில் மல்லாந்து உதைத்தவருக்கு, அந்த உதை தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தெரியாமல் இருந்திருக்காது. அந்த அனுமதியைத் தம் ஆட்டக்காரர்களுக்கு வழங்க அவரைவிடத் தகுதி வாய்ந்த பயிற்றுவிப்பாளர் சிங்கப்பூரில் எவரும் இருந்திருக்க முடியாது என்பதாலேயே 2016 முதல் 2018 வரையிலான வறட்சி மனத்தை உறுத்துகிறது.

தாக்குதல் மனத்தவரை நியமித்தால் போதும் என்று அன்று வாதிட்டவர்களுக்கும் வரலாறு எளிய வெற்றியை அளிக்கவில்லை. சுந்தரமூர்த்திக்குப் பின் 2018 சுசுகி கிண்ணத்துக்குக் குழுவை நடத்திய ஃபாண்டி அகமது, நாட்டின் மிகப் புகழ்பெற்ற தாக்குதல் ஆட்டக்காரர். தீமோர்-லெஸ்தேயை 6-1 என்று வென்ற அவருடைய குழு, தாய்லாந்திடம் 0-3 என்று தோற்று, அதுவும் குழுச் சுற்றோடு வெளியேறியது. நொச்சியைத் தனியே பிரிப்பதால் வந்த குறையை உழிஞையைத் தனியே பிரிப்பதால் தீர்க்க முடியாது.

ஆகவே சுந்தரமூர்த்தியைப் பற்றிய தீர்ப்பும் பாதியாக இருக்கக் கூடாது. காவலைத் தேர்ந்ததற்காக அவரைக் குறைகூறுவது தவறு. கையில் இருந்த மண்ணுக்கும் காலத்துக்கும் அது பொருந்திய தேர்வே. தாக்குதலைக் காவலின் உள்ளுறுப்பாக வைக்காமல், அது வாய்த்தபோது வாய்க்கட்டும் என்று விட்டதற்கு அவர் பொறுப்பாளி. நிமித்த காரணர் என்ற முறையில் அந்தப் பொறுப்பு ஆட்டக்காரர்கள் எவருக்கும் மாற்றித் தரக்கூடியது அன்று. அதே நீதியின்படி லயன்ஸ் 12இன் பட்டமும் அவருக்கே உரியது, அதை ஆட்டக்காரர்களின் தலைமுறைச் சிறப்பு என்று மட்டும் சொல்லி அவரிடமிருந்து பறிக்க முடியாது. சிங்கப்பூர்க் காற்பந்தின் வரலாற்றை எழுதப் போகிறவர்கள், 2013 ஜூலை 2ஆம் தேதியையும் 2018 மார்ச் 27ஆம் தேதியையும் ஒரே மனிதரின் வினைகளாக ஒரே பக்கத்தில் வைத்து எழுத வேண்டும்.